மறதி நோய் வந்த அப்பா ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். அவரிடம் எப்படிப் பேசுவது?

பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். என் அப்பாவுக்கு அல்சைமர். இங்கே ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். சாயங்காலம் ஆனால் "கம்பெனி பஸ் வந்துடுச்சா?" என்று ஆரம்பித்துவிடுவார். பொழுது சாயும்போது குழப்பம் கூடுவது இந்த நோயில் சகஜம். "நீங்க ரிட்டையர் ஆகி எவ்வளவோ வருஷமாச்சுப்பா" என்று சொன்னால் அந்தத் தகவல் அவர் மனதில் நிற்காது. மறுத்துப் பேசியதால் வந்த பதற்றம் மட்டும் ராத்திரி வரை நிற்கும். அதனால், "நேரம் இருக்குப்பா, காபி குடிங்க. உங்க கேன்டீன்ல என்ன டிபன் போடுவாங்க?" என்று கேட்போம். கேன்டீன், ஓவர்டைம், தீபாவளி போனஸ் என்று பேச்சு ஓடும். பஸ் மறந்துபோகும். இது பொய் இல்லையா என்று தம்பி கேட்டான். நேரம் தப்பிவிடுமோ என்ற பயம்தான் அந்தக் கேள்வியாக வருகிறது. அந்தப் பயத்துக்கு நாம் பதில் சொல்கிறோம், அவ்வளவுதான் என்றேன்.

இதற்கெல்லாம் முன்னால் காதைப் பரிசோதித்துவிடுங்கள். நீங்கள் சொன்ன பதில் காதில் விழாமலே மறுபடி கேட்கிறவர்களும் உண்டு. மறதி நோய்க்கு வழிவகுக்கும், நம்மால் சரிசெய்யக்கூடிய காரணங்கள் என்று லான்செட் ஆணையம் (லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு) 2024-ல் சொன்ன 14-ல் காது கேளாமையும் ஒன்று. வைட்டமின் பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனையும் செய்யாமல் விடக்கூடாது.

எங்களை ரொம்ப அலைக்கழித்தது மொழி. அப்பா வேலை பார்த்த காலம் முழுக்கச் சரளமாகக் கன்னடம் பேசியவர். பிற்பாடு கற்ற மொழி பலருக்கு முதலில் நழுவும் என்பார்கள். அவருக்கும் அப்படித்தான் ஆனது. பார்த்துக்கொள்ள வரும் பையனுக்கோ தமிழ் தெரியாது. அவன் "ஊட்டா ஆய்த்தா?" (சாப்பாடு ஆச்சா?) என்று கன்னடத்தில் கேட்டால் அப்பா சுவரைப் பார்ப்பார். தண்ணி, வலிக்குதா, பாத்ரூம், படுங்க, ஐயா என்று தேவையான சொற்களைக் கன்னட எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினோம். அதைப் படித்து அவன் "ஐயா, தண்ணி" என்று சொல்ல ஆரம்பித்தபிறகு, அப்பா அவன் கையைத் தட்டிவிடுவது குறைந்துவிட்டது. ஆள் வைக்கும்போது சம்பளத்துக்கு முன்னால் மொழியைக் கேளுங்கள்.

பார்க்க வரும் சொந்தக்காரர்களிடம் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்" வேண்டவே வேண்டாம். பெயரையும் உறவையும் தாங்களே சொல்லிக்கொண்டு, எதிரில் உட்கார்ந்து பேசட்டும். டிவியை அணைத்துவிடுங்கள். "என்ன சாப்பிடுறீங்க?" என்பதைவிட "இட்லியா, தோசையா?" சுலபம். கேட்டபிறகு பொறுத்திருங்கள், பதில் மெதுவாகத்தான் வரும்.

இன்னொன்று. இதுவரை ஓரளவு தெளிவாக இருந்தவர் ஓரிரு நாளில் தலைகீழாக மாறினால், இல்லாத ஆளைப் பார்ப்பதாகச் சொன்னால், நோய் முற்றிவிட்டது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடம்பில் தண்ணீர் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை எதுவாகவும் இருக்கலாம். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.