வெளிநாட்டில் மருத்துவம் படித்தால் சிங்கப்பூரில் டாக்டர் ஆகலாமா?

ஜூரோங்கிலிருந்து ஒரு தாயார் கேட்கிறார்: "மகன் தேசியச் சேவையை முடிக்கப் போகிறான். இங்கே விண்ணப்பித்த இரண்டு பல்கலைக்கழகங்களிலும் மருத்துவத்துக்கு இடம் கிடைக்கவில்லை. பிரிட்டனில் ஓர் இடம் வந்திருக்கிறது. செலவு குறையும் என்று சொந்தக்காரர்கள் தமிழ்நாட்டுத் தனியார் கல்லூரி ஒன்றைச் சொல்கிறார்கள். படித்துவிட்டு அவன் சிங்கப்பூரில்தான் வேலை பார்க்க வேண்டும். எதற்குச் சம்மதிப்பது? வீட்டை விற்றாவது அனுப்பலாமா?"

சிங்கப்பூரில்தான் வேலை என்று நீங்கள் உறுதியாக இருப்பதால், கட்டணத்தையும் கல்லூரியின் பெயரையும் பிறகு பார்க்கலாம். முதலில் திறக்க வேண்டியது, இங்கே மருத்துவர்களைப் பதிவு செய்யும் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் இணையத்தளத்தில் உள்ள பட்டியல். மருத்துவர் பதிவுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அது. அங்கீகரிக்கப்பட்ட வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகள் 160 இருந்தன. 2020 ஜனவரி முதல் 103 ஆகக் குறைத்தார்கள். 2025 பிப்ரவரியில் ஒன்பதைச் சேர்த்ததில் 112 ஆயின. இந்தியக் கல்லூரிகளில் மிகப் பெரும்பாலானவை அதில் இல்லை. ஒரு கல்லூரி எவ்வளவு நல்ல மருத்துவர்களை உருவாக்கினாலும், பட்டியலில் இல்லையென்றால் அந்த எம்பிபிஎஸ் பட்டத்தை வைத்து இங்கே பதிவு பெற முடியாது. சில முதுநிலைத் தகுதிகளின் வழியாக வர ஒரு சுற்றுவழி உண்டு. ஆனால் இனிமேல்தான் படிப்பைத் தொடங்கப் போகும் பிள்ளையின் திட்டத்தை அதன்மேல் கட்டக்கூடாது. இன்னொன்று: வெளிநாட்டவர், என்ஆர்ஐ (வெளிநாடுவாழ் இந்தியர்) ஒதுக்கீடு எதுவானாலும் இந்தியாவில் எம்பிபிஎஸ் சேர நீட் நுழைவுத் தேர்வில் தகுதி பெற்றே ஆக வேண்டும். நீட் வேண்டாம் என்று சொல்லும் முகவரிடம் பேச்சை அத்துடன் நிறுத்திவிடுங்கள்.

பிரிட்டன் என்பதாலேயே நிம்மதியடைந்துவிட வேண்டாம். அங்கேயும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் பட்டியலில் இல்லை. பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஏமாறுபவர்கள் உண்டு. பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம், பட்டத்தின் பெயர் என்ன, படிப்பு எந்த வளாகத்தில் நடக்கிறது என்ற மூன்றும் பொருந்த வேண்டும். தாய்ப் பல்கலைக்கழகம் பட்டியலில் இருந்தாலும், வேறு நாட்டில் உள்ள அதன் கிளை வளாகத்துக்கும் அது பொருந்தும் என்று நீங்களாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இடம் தந்த கடிதத்தின் நகலோடு மருத்துவ மன்றத்துக்கே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பட்டியலைச் சுருக்கியபோது, அதற்கு முன்பே படித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் இடம் கிடைத்திருந்தவர்களுக்கும் பாதிப்பு இல்லை என்று அறிவித்தார்கள். ஆகவே இடம் வந்த தேதியும் ஏற்றுக்கொண்ட தேதியும் உள்ள ஆவணங்களைப் படிப்பு முடியும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

பட்டியலில் பெயர் இருந்தாலும் பதிவு தானாக வந்துவிடாது. இங்குள்ள மருத்துவமனையில் வேலை உறுதியாக வேண்டும். உள்ளூரில் படித்தவர் ஓராண்டு பயிற்சிக்குப் பிறகு முழுப் பதிவு பெறுவார். வெளிநாட்டில் படித்தவர் அதன்பின் நிபந்தனைப் பதிவில், மேற்பார்வையின்கீழ் சில ஆண்டுகள் வேலை செய்தாக வேண்டும்.

அடுத்து பணம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் மானியத்துக்குப் பிறகு குடிமக்களுக்கு ஆண்டுக் கட்டணம் 30,000 வெள்ளியை ஒட்டி வரும். பதிலுக்கு ஐந்தாண்டு சேவை ஒப்பந்தம். பிரிட்டனில் வெளிநாட்டு மாணவருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக் கட்டணம் 45,000 பவுண்ட், வாழ்க்கைச் செலவு 15,000 பவுண்ட் என்று வைத்துக்கொண்டால் ஐந்தாண்டுக்கு 300,000 பவுண்ட். ஒரு பவுண்ட் 1.70 வெள்ளி என்றால் 510,000 வெள்ளி. பவுண்ட் பத்துக் காசு ஏறினாலே 30,000 வெள்ளி கூடிவிடும். ஓராண்டைத் திரும்பப் படிக்க நேர்ந்தால் இன்னொரு லட்சம் வெள்ளி. முதலாண்டுக் கட்டணத்தை ஐந்தால் பெருக்கிக் கணக்குப் போடுவது வழக்கமான தவறு. மருத்துவமனைப் பயிற்சி ஆண்டுகளுக்குப் பல இடங்களில் கட்டணம் கூடுதல். விசாவோடு சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 776 பவுண்ட் வீதம் முழுக் காலத்துக்கும் முன்கூட்டியே கட்ட வேண்டும். மத்திய சேம நிதிக் கல்விக் கடன் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது. இறுதி ஆண்டுகளில் சுகாதார அமைச்சின் வேலைக்கு முந்திய மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கும் சேவை ஒப்பந்தம் உண்டு. முதலாண்டுகளின் செலவுக்கு அதை நம்ப முடியாது.

வீட்டை விற்பது எங்களுக்குச் சம்மதமில்லை. வீட்டுக்காக எடுத்த மத்திய சேம நிதித் தொகை, சேர்ந்த வட்டியோடு கணக்குக்குத் திரும்பிவிடும். மீதிக் கடனும் கழியும். கைக்கு வருவது விற்ற விலையைவிட வெகு குறைவு. முழுச் செலவையும், கூடுதலாக ஓராண்டுச் செலவையும் வீட்டைத் தொடாமல் சமாளிக்க முடிந்தால் மட்டும் பிரிட்டனுக்குச் சரி சொல்லுங்கள்.

முடியாவிட்டால் வேறொரு வழி இருக்கிறது. இங்கேயே ஒரு பட்டப்படிப்பை நல்ல மதிப்பெண்ணோடு முடித்து, எம்கேட் என்ற மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, ஏற்கெனவே பட்டம் பெற்றவர்களைச் சேர்க்கும் டியூக்-என்யுஎஸ் மருத்துவப் பள்ளிக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே நான்காண்டுப் படிப்பு. முதல் பட்டம் எந்தத் துறையானாலும் பரவாயில்லை. போட்டி கடுமை, உத்தரவாதம் இல்லை. இருந்தாலும், அந்த இடம் கிடைக்காமல் போனால்கூடப் பிழைக்க ஒரு பட்டம் கையில் இருக்கும்.

மகன் இந்த ஆண்டு இடத்தை விட்டுவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் பிரிட்டனுக்கு முயல நினைத்தால், பிரிட்டன் மருத்துவப் படிப்புக்கான யூகாட் நுழைவுத் தேர்வின் மதிப்பெண் ஒரு சேர்க்கை ஆண்டுக்கு மட்டுமே செல்லும் என்பதைச் சொல்லிவிடுங்கள். தேர்வை மறுபடி எழுதி, அக்டோபர் 15-க்குள் விண்ணப்பத்தை அனுப்ப வேண்டும்.