பட்டியல் தரமாட்டேன்

கேள்வி: பரிசு வாங்கிய புத்தகங்களையும், அதிகம் விற்கும் புத்தகங்களையும் தேடி வாங்குகிறேன். பாதிக்கு மேல் ஏமாற்றம்தான். இப்போது எழுதுகிறவர்களில் நல்லவர்களே இல்லையோ என்று தோன்றுகிறது. புதிய எழுத்தாளர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? பத்துப் பேர் கொண்ட பட்டியல் ஒன்று தர முடியுமா?

பதில்: பட்டியல் தரமாட்டேன். தந்தால் என் ரசனையைக் காசு கொடுத்து வாங்குவீர்கள், பாதி பிடிக்காமல் போனதும் "நல்லவர்களே இல்லை" என்று மறுபடியும் எழுதுவீர்கள். இல்லை என்று சொல்வதற்கு முதலில் தேடிப் பார்த்திருக்க வேண்டும். பிறர் தேடி முடித்து மேடையேற்றிய பிறகு கிடைப்பதைத்தான் இதுவரை வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

பரிசுப் பட்டியல் எப்படித் தயாராகிறது? பல பரிசுகளுக்குப் பதிப்பாளர்தான் புத்தகத்தை அனுப்புகிறார். அனுப்பாத புத்தகம் நடுவரின் மேசைக்கு வருவதே அபூர்வம். அனுப்பியவற்றை நாலைந்து பேர் படித்து, விவாதித்து, விட்டுக்கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது அந்த நாலைந்து பேரின் தீர்ப்பு. மதிக்கலாம், ஆனால் அதையே எல்லையாக வைத்துக்கொள்ளக் கூடாது. இணையக் கடைகளின் பரிந்துரை இன்னும் குறுகலானது. இதை வாங்கியவர்கள் வேறு எதை வாங்கினார்கள் என்று பெரும்பாலும் கணக்குப் பார்க்கிறது. போன மாதம் முதல் புத்தகம் போட்டவரை இன்னும் யாருமே வாங்கவில்லை என்றால், அந்தக் கணக்கில் அவர் எங்கே வருவார்?

1965இல் ஜான் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் எழுதிய 'ஸ்டோனர்' நாவல் வெளிவந்தது. ஒரு கல்லூரி ஆசிரியரின் சத்தமில்லாத வாழ்க்கை, அவ்வளவுதான் கதை. 2,000 பிரதிகூட விற்கவில்லை. சீக்கிரமே அச்சில் இல்லாமல் போனது. 1994இல் வில்லியம்ஸ் இறந்துவிட்டார். பிறகு மறுபதிப்புகள் வந்தன. பிரெஞ்சு எழுத்தாளர் அன்னா கவால்டா அதைப் படித்து, மனம் கேட்காமல் தானே பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 2011இல் அது வந்த பிறகுதான் ஐரோப்பாவில் பல நாடுகளின் விற்பனைப் பட்டியலில் 'ஸ்டோனர்' ஏறியது. எழுதியவர் அதைப் பார்க்கவில்லை. 1965இல் அதை எடுத்துப் படித்த அந்தச் சிலர் எந்தப் பட்டியலையும் பார்த்து வாங்கியிருக்க முடியாது.

சரி, என்ன செய்யலாம்? உங்களுக்கு உயிரான ஒரு புத்தகத்தை எடுங்கள். கதை வேண்டாம், தலைப்புப் பக்கத்தைத் திருப்பினால் பொடி எழுத்தில் ஒரு பக்கம் இருக்குமே, அதைப் படியுங்கள். முதற்பதிப்பு எந்த வருஷம், யார் பதிப்பித்தது, மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் யார் என்று அங்கே இருக்கும். சிறுகதைத் தொகுப்பாக இருந்தால் எந்தெந்தக் கதை எந்தெந்த இதழில் வந்தது என்ற குறிப்பும் பல நேரம் இருக்கும். அப்புறம் முன்னுரையின் கடைசிப் பத்தி. கைப்பிரதியைப் படித்துத் திருத்தம் சொன்ன நண்பர்களுக்கு ஆசிரியர் நன்றி சொல்லியிருப்பார். அந்த நண்பர்களில் ஒருவராவது எழுதுகிறவராக இருப்பார். நாம் யாருமே படிக்காமல் தள்ளிவிடும் இந்தப் பத்தியில்தான் நீங்கள் கேட்கும் பெயர்கள் இருக்கின்றன.

மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பின்தொடர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்று பாருங்கள். தென் கொரியாவின் ஹான் காங் எழுதிய 'தி வெஜிடேரியன்' நாவலுக்கு 2016இல் சர்வதேச புக்கர் பரிசு கிடைத்தது. ஆங்கிலத்தில் கொண்டுவந்தவர் டெபோரா ஸ்மித். எல்லோரும் ஹான் காங் பெயரைக் குறித்துக்கொண்டார்கள். ஆனால் அந்த மொழிபெயர்ப்பாளர் அதற்கு முந்தைய வருஷமே 'டில்டட் ஆக்சிஸ்' என்று ஒரு சிறிய பதிப்பகம் தொடங்கியிருந்தார். அது ஆசிய எழுத்துகளைத் தேடிப் போட்டது. கீதாஞ்சலி ஸ்ரீயின் ஹிந்தி நாவல், டெய்சி ராக்வெல் மொழிபெயர்ப்பில், 2021இல் அங்கேதான் வந்தது. 2022இல் அதே பரிசு அதற்கும் கிடைத்தது. டெபோரா ஸ்மித் இப்போது என்ன செய்கிறார் என்று கவனித்துக்கொண்டிருந்த வாசகர், பரிசுக்கு முந்தைய வருஷமே அந்த நாவலைப் படித்து முடித்திருப்பார்.

நமக்கு இது புதிதல்ல. நார்வே எழுத்தாளர் நட் ஹாம்சனின் நாவலையும் ஸ்வீடன் எழுத்தாளர் பேர் லாகர்குவிஸ்டின் நாவலையும் தமிழில் படித்தவர்களில் பலர், விமர்சகர் க.நா.சு. (க.நா. சுப்ரமண்யம்) மொழிபெயர்த்திருக்கிறார் என்பதற்காகவே அவற்றை எடுத்தவர்கள்.

அடுத்தது இதழ்கள். இதை நான் பத்திரிகைக்காரனாகவே சொல்கிறேன், கொஞ்சம் வருத்தத்தோடும். இதழ் கைக்கு வந்ததும் உள்ளடக்கப் பக்கத்தில் என்ன பார்க்கிறீர்கள்? தெரிந்த பெயரைத் தேடுவீர்கள். அங்கே போவீர்கள். கேள்விப்படாத ஒரு பெயரில் வந்த கதையைப் புரட்டிக்கொண்டு தாண்டிவிடுவீர்கள். அந்தக் கதை, வந்து குவிந்த கைப்பிரதிகளுக்கு நடுவிலிருந்து ஒருவர் எடுத்து, இரண்டு முறை படித்து, "இதைப் போட்டே ஆகவேண்டும்" என்று சண்டை போட்டுச் சேர்த்ததாக இருக்கும். ஐந்தாறு பக்கம்தான், அரை மணி நேரம்கூட ஆகாது. நாவலாசிரியர்கள் பலர் முதலில் வந்தது இப்படி ஒரு ஓரத்துக் கதையோடுதான். ஒவ்வொரு இதழிலும் தெரியாத பெயர் ஒன்றையாவது படியுங்கள்.

ஏமாற்றம் அப்போதும் வரும். அதைத் தவிர்க்க வழியில்லை, குறைக்கலாம். பின்னட்டைப் பாராட்டைப் படிக்காதீர்கள், அது வேண்டியவர்கள் எழுதியது. முதல் பக்கத்தையும் நம்ப வேண்டாம், அதை எல்லோருமே பத்து முறை செதுக்கியிருப்பார்கள். நூலகத்தில் நின்றபடியே நடுவில் ஒரு பக்கத்தைப் பிரியுங்கள். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் இடமாக இருந்தால் நல்லது. யார் பேசுகிறார் என்று பெயர் போடாமலே தெரிகிறதா? ஒரு வாக்கியம் மட்டும் வந்துபோகும் ஆளுக்கும் முகம் இருக்கிறதா? இருந்தால் வீட்டுக்கு எடுத்துப் போங்கள். முப்பது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை என்றால் மூடிவிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

முதல் புத்தகத்தில் குறை இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாவலில் சொல்லிவிடத் துடிப்பார்கள், கடைசி அத்தியாயத்தில் அவசரப்படுவார்கள். அதற்காக ஆளையே தள்ளிவிடாதீர்கள். நல்ல இருபது பக்கம் இருந்தால் இரண்டாவது புத்தகத்துக்குக் காத்திருங்கள்.

பிடித்துப்போனால் அவருக்கு எழுதுங்கள். புதிதாக எழுதுகிறவருக்கு மதிப்புரை வருவது அபூர்வம். பலருக்குப் புத்தகம் வெளியான நாளுக்குப் பிறகு ஒரு வார்த்தைகூட வருவதில்லை. அப்படியே எழுதுவதை விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். நீளமாக எழுத வேண்டியதில்லை, எந்த இடத்தில் படிப்பதை நிறுத்தி யோசித்தீர்கள் என்று பக்க எண்ணோடு நாலு வரி போதும். முகவரி தெரியாவிட்டால் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள், சேர்த்துவிடுவார்கள்.