வரம் என்று சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

என் மகளுக்குப் பதின்மூன்று வயது. நான்கு ஆண்டுகளாக டென்னிஸ் பயில்கிறாள். பந்தை இடம் பார்த்து, மென்மையாக வைப்பாள்; வேகம் போதாது. அவளுடைய ஆட்டத்தையே மாற்றி, ஓங்கி அடிக்கப் பழக்க வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். இதைக் கேட்டதும் எனக்கு முன்னாள் இந்திய டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணன்தான் நினைவுக்கு வந்தார். கடவுள் கொடுத்த கைவண்ணம் அவருடையது. அப்பாவின் புகழும் துணை நின்றது. ஆனால் வலுவான சர்வீஸ் இல்லை, போராடும் குணம் இல்லை, கடைசிவரை ஒரு கிராண்ட் ஸ்லாம் பட்டமும் இல்லை. வரத்தை வாங்கி வீணடித்தவர் என்று என் நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கும் ஓரளவு அப்படித்தான் தோன்றுகிறது. மகளின் ஆட்டத்தை மாற்றச் சம்மதிக்கலாமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை, மகளைப் பற்றிய உங்கள் கவலை மனத்தில் நின்றது. இரண்டாம் முறை, ‘கடவுள் கொடுத்த கைவண்ணம்’ என்ற இடத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. சென்ற மாதம் வீட்டுப் பரணை ஒழித்தபோது, காலமான என் சித்தப்பாவின் பழைய மர மட்டை ஒன்று நரம்பறுந்த நிலையில் கிடைத்தது. அன்று முதல் நான் யோசித்துக்கொண்டிருப்பதும் அந்தச் சொற்களைப் பற்றித்தான். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

கிராண்ட் ஸ்லாம் பட்டம் இல்லை என்ற குறையை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் போன்ற நான்கு பெரிய போட்டிகளில் ஒன்றை வெல்வதைத்தான் அப்படிச் சொல்கிறோம். ஒற்றையர் பிரிவில் அந்தப் பட்டத்தை இன்றுவரை எந்த இந்தியரும் வென்றதில்லை. ரமேஷ் அமெரிக்க ஓப்பனில் 1981-லும் 1987-லும், விம்பிள்டனில் 1986-லும் காலிறுதி வரை சென்றவர். 1985 ஜனவரியில் உலகத் தரவரிசையில் 23-ஆம் இடத்தில் இருந்தவர். மணிலாவில் 1981-இல் வென்றது தொடங்கி எட்டு ஒற்றையர் பட்டங்கள் பெற்றவர். ஒரு தொழிலில் இந்த உலகத்திலேயே இருபத்திரண்டு பேர் மட்டும் தமக்கு மேலே இருக்கும் நிலையை, தாங்கள் செய்யும் தொழிலில் என்றாவது எட்டியிருக்கிறார்களா என்று உங்கள் நண்பர்களைக் கேளுங்கள். கோபத்தோடுதான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் புகழ் துணை நின்றது என்பது பாதி உண்மை. ராமநாதன் கிருஷ்ணன் 1954-இல் விம்பிள்டன் இளையோர் பட்டம் வென்றார். மகன் ரமேஷ் 1979-இல் அதே பட்டத்தையும், அதே ஆண்டில் பிரெஞ்சு இளையோர் பட்டத்தையும் வென்றார். வீட்டிலேயே அப்படி ஓர் ஆசான் இருப்பது பெரிய பேறு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் 1981-இல், இருபது வயதில், நியூயார்க்கில் நடந்த அமெரிக்க ஓப்பன் காலிறுதியில் அந்த ஆண்டின் சாம்பியனாகப் போகிற ஜான் மெக்கன்ரோவிடமிருந்து முதல் செட்டை டை பிரேக்கில் பறித்தபோது எதிரே நின்றவருக்கு அப்பாவின் பெயரால் ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த ஆட்டத்தில் ரமேஷ் தோற்றார். அந்த முதல் செட் அவருடைய சொந்த உழைப்பு.

போராடும் குணம் இல்லை என்று எழுதியதற்காக உங்களைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். 1987-இல், நாடுகள் ஐந்து ஐந்து ஆட்டங்களாக மோதும் டேவிஸ் கோப்பையின் அரையிறுதி சிட்னியில் நடந்தது. முந்தைய ஆண்டு கோப்பையை வென்றிருந்த ஆஸ்திரேலியா, அவர்களுடைய சொந்தப் புல்தரை, இரண்டுக்கு இரண்டு என்று சமநிலை. ஐந்தாவது ஆட்டத்தில் வாலி மசூருக்கு எதிராக இறங்கிய ரமேஷ் நேர் செட்களில், அதாவது ஒரு செட்டையும் இழக்காமல், வென்று இந்தியாவை இறுதிப் போட்டிக்குக் கொண்டுசென்றார். அதே அரையிறுதியில் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டையும் அவர் ஏற்கெனவே வென்றிருந்தார். கோத்தன்பர்க்கில் நடந்த இறுதியில் ஸ்வீடனிடம் இந்தியா ஐந்துக்குப் பூஜ்யம் என்று தோற்றது என்பது வேறு செய்தி. முகம் சிவக்காமல், கையை உயர்த்திக் கத்தாமல் ஒருவர் ஆடினால் அவரிடம் போராட்டம் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். சத்தத்தை வைத்துத் துணிச்சலை அளக்கும் பழக்கம் நம்மிடம் எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அது உங்களிடம் இருக்க வேண்டாம்.

இனி, வரம் என்ற சொல்லுக்கு வருகிறேன்.

என் சித்தப்பா ஒரு சிறு நகரத்துக் கிளப்பில் மார்க்கராக இருந்தார். உறுப்பினர்களுக்கு எதிரே நின்று பந்து போட்டு ஆடிக் கொடுப்பதற்காகச் சம்பளத்துக்கு வைக்கப்படும் ஆளை அப்படிச் சொல்வார்கள். ராமநாதன் கிருஷ்ணன் விம்பிள்டன் அரையிறுதியில் ஆடிய 1960, 1961 ஆண்டுகளில் சித்தப்பா அந்தக் கிளப்பில் பந்து பொறுக்கும் பையன். மார்க்கரான பிறகு அவருடைய வேலை ஜெயிப்பது அன்று. வழக்கறிஞரும் மருத்துவரும் எப்படித் தாறுமாறாக அடித்தாலும், அந்தப் பந்தை அவர்களுடைய இடுப்பு உயரத்துக்கு, அவர்களுக்கு வாகான இடத்தில், அவர்கள் மறுபடி அடிக்கும்படியான வேகத்தில் திருப்பி அனுப்புவது. காலை ஐந்தரை முதல் எட்டரை வரை, மாலை நான்கு முதல் விளக்கு அணையும் வரை, முப்பது ஆண்டுகள் அவர் இதைச் செய்தார். எந்த வேகத்தில் வரும் பந்தையும் மட்டையின் நரம்பில் வாங்கி, சத்தமில்லாமல் வலைக்கு அந்தப் பக்கம் இறக்கிவைக்க அவரால் முடிந்தது. உறுப்பினர்கள் அதைப் பார்த்து, “உனக்கு நல்ல கைப்பா, ஆண்டவன் கொடுத்தது” என்று முதுகில் தட்டுவார்கள். சம்பளம் உயர்த்தும் பேச்சு எழுந்தபோதெல்லாம் அதே சொற்களைச் சொல்லி அந்தப் பேச்சைத் தள்ளிவைத்தார்கள். ஆண்டவன் கொடுத்ததற்கு யாரும் கூலி தர வேண்டியதில்லை அல்லவா?

எனக்குப் பதினாறு வயதில், ஒரு கோடை விடுமுறையில், அந்தக் கையை எனக்கும் கற்றுத்தரும்படி கேட்டேன். கிளப் ஆடுகளத்தில் எனக்கு அனுமதி இல்லை என்பதால் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்தரையில் என்னை நிறுத்தினார். ஐந்தடி தள்ளி நின்று பந்தை வீசினார். அதை அடிக்கக் கூடாது. மட்டையில் வாங்கி, ஒருமுறைகூடத் துள்ளாமல் நரம்பின்மேலேயே நிறுத்த வேண்டும். “அடிக்காதே, பிடி” என்பதைத் தவிர அவர் வேறொன்றும் சொல்லவில்லை. பந்து வந்து தொடும் கணத்தில் மணிக்கட்டும் விரல்களும் எவ்வளவு இளக வேண்டும், மட்டை பந்தோடு எவ்வளவு தூரம் பின்வாங்க வேண்டும் என்பதைச் சொல்லித்தர முடியாது. கை தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றரை மாதம் நாள்தோறும் இருநூறு, முந்நூறு பந்துகள். விடுமுறை முடியும்போது பத்தில் மூன்று பந்துகளை என்னால் நிறுத்த முடிந்தது. சித்தப்பா பத்தில் பத்தும் நிறுத்துவார், இடக்கையாலும்.

ரமேஷ் கிருஷ்ணனின் ஆட்டத்தை நான் அந்தக் கோடையை வைத்துத்தான் பார்க்கிறேன். அவர் பந்தைத் தரையிலிருந்து எழும்போதே வாங்கிவிடுவார். மற்றவர்கள் ஆடுகளத்தின் பின்கோட்டுக்கு வெளியே போய், பந்து எழுந்து தணியும்வரை காத்திருந்து, மட்டையை நன்றாகப் பின்னுக்கு இழுத்துச் சுழற்றுவார்கள். அவர் கோட்டை ஒட்டியோ உள்ளேயோ நின்று, மட்டையைக் கொஞ்சமாக மட்டும் பின்னிழுத்து, வந்த வேகத்தையே கடன் வாங்கித் திருப்பிவிடுவார். இது பார்வைக்குச் சோம்பலாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பந்து ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீட்டர் கடக்கிறது. இரண்டு மீட்டர் முன்னால் நின்று அதை வாங்கினால், வரும்போது இரண்டும் போகும்போது இரண்டுமாக நான்கு மீட்டர் மிச்சம்; அதாவது எதிராளியிடமிருந்து ஒரு விநாடியில் ஏழில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறீர்கள். அவர் பந்தை அடித்த பின் நடுவுக்குத் திரும்பக் கணக்கிட்டு வைத்திருந்த நேரம் அது. அந்த ஏழில் ஒரு பங்குக்காக நீங்கள் கொடுக்கும் விலை, உங்களுக்கும் அதே அளவு நேரம் குறைந்துபோவது. பந்து எங்கே விழும், எப்படி எழும் என்பதை எதிராளியின் தோளிலிருந்தும் மட்டையிலிருந்தும் முன்கூட்டியே படிக்காவிட்டால் ஒவ்வொரு பந்தும் மட்டையின் விளிம்பில்தான் படும். அப்படிப் படிக்கும் கண் பிறக்கும்போதே வருவதில்லை. தாத்தா டி.கே. ராமநாதன் தம் மகனுக்குக் கற்பித்து, அந்த மகன் தம் மகனுக்குக் கற்பித்து, மூன்று தலைமுறை காலையில் எழுந்து ஆடி உண்டான கண் அது. நீங்கள் வரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் அந்தக் காலைகளெல்லாம் காணாமல் போய்விடுகின்றன.

1989 ஜனவரியில் மெல்பர்ன் ஆஸ்திரேலிய ஓப்பனின் இரண்டாம் சுற்றில் ரமேஷ் மாட்ஸ் விலாண்டரைச் சந்தித்தார். விலாண்டர் அப்போது உலகின் முதல் நிலை ஆட்டக்காரர். முந்தைய ஆண்டு நான்கு கிராண்ட் ஸ்லாம்களில் மூன்றை வென்றவர். அந்தப் போட்டியின் நடப்புச் சாம்பியன். நேர் செட்களில் ரமேஷ் வென்றார். நான் பொங்கலுக்கு ஊருக்கு வந்து, கல்லூரிக்குத் திரும்பாமல் இருந்த நேரம். சித்தப்பா காலை வேலை முடிந்து கையில் செய்தித்தாளோடு வீட்டுக்குள் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து அந்தச் செய்தியை எனக்கு இரண்டு முறை உரக்கப் படித்துக்காட்டினார். பிறகு, “இந்த நிமிஷத்துல இதைப் படிக்கிற அத்தனை பேரும் ஆண்டவன் கொடுத்த கைன்னுதான்டா சொல்லுவான்” என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. அது மகிழ்ச்சியால் என்று அன்று நினைத்தேன். அந்த மட்டையைப் பரணிலிருந்து இறக்கிய பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

விலாண்டரை வென்றது தற்செயல் என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அது நியாயமாகத் தோன்றவில்லை. விலாண்டர் பின்கோட்டிலிருந்து பிழையில்லாமல், பொறுமையாக, ஒரே சீரான பந்துகளை அனுப்பி எதிராளியைச் சலிக்கவைத்து வெல்பவர். எழும்போதே பந்தை வாங்கத் தெரிந்தவருக்கு அந்தச் சீர்தான் உணவு. மாறாக, 1986 விம்பிள்டன் காலிறுதியில் ஸ்லோபோடான் ஷிவோயினோவிச்சின் இடிபோன்ற சர்வீசுக்கு முன்னால் அதே கைக்கு வாங்குவதற்குப் பந்தே கிடைக்கவில்லை. ரமேஷ் களத்துக்கு வந்த காலத்தில் மர மட்டைகள் மறைந்து கிராஃபைட் மட்டைகள் வந்தன; ஆட்டம் ஒவ்வோர் ஆண்டும் வேகமாகிக்கொண்டே போனது. தந்தையின் காலத்துப் புல்தரை ஆட்டத்தை அந்த வேகத்துக்கு நடுவில் கொண்டுவந்து, 1993-இல் ஓய்வு பெறும்வரை அவர் அதை விட்டுக்கொடுக்கவில்லை. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில், தம்மைவிடப் பன்னிரண்டு வயது இளையவரான லியாண்டர் பயஸுடன் இரட்டையர் காலிறுதி வரை சென்றார். இன்னும் ஓர் ஆட்டம் வென்றிருந்தால் வெண்கலம் உறுதி. அந்த ஓர் ஆட்டத்துக்காக நான் இன்றும் வருந்துகிறேன்.

சர்வீஸ் பலவீனம் என்பது உண்மை. அதில் எனக்குத் தயக்கமில்லை. அவருடைய சர்வீஸ் ஆட்டத்தைத் தொடங்கிவைத்தது, முடித்துவைக்கவில்லை. ஒவ்வொரு புள்ளியையும் மற்றவர்களைவிடக் கூடுதலாக நான்கைந்து அடிகள் அடித்துத்தான் அவர் வாங்க வேண்டியிருந்தது. அந்தச் சர்வீசோடு 23-ஆம் இடத்துக்கு வர மற்றவை எவ்வளவு செம்மையாக இருந்திருக்க வேண்டும் என்று யோசிக்க வேண்டிய இடத்தில், வீணடித்தார் என்று எழுதுகிறீர்கள். ஓய்வுக்குப் பின் அவரும் தந்தையும் சென்னையில் டென்னிஸ் பயிற்சி மையம் நடத்தினார்கள். வரம் என்று நம்புகிறவர்கள் பள்ளிக்கூடம் திறக்க மாட்டார்கள்.

உங்கள் மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயிற்சியாளர் சர்வீசைப் பலப்படுத்தச் சொன்னால் தடுக்காதீர்கள். அது கற்றுக்கொள்ளக் கூடியது, கற்றே ஆக வேண்டியது. அதற்காக அவளிடம் ஏற்கெனவே உள்ளதை அழிக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அவர் உண்மையில் எதைக் கேட்கிறார் என்பது உங்கள் கடிதத்தில் தெளிவாக இல்லை; நேரில் போய் விசாரியுங்கள். அதற்கு முன், அவள் பயிற்சி செய்யும்போது ஒருநாள் முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மென்மையான பந்தை அவள் எத்தனை முறை தவறவிட்டு, எத்தனை முறை திருப்பிச் செய்கிறாள் என்று எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள். அவளிடம் கைவண்ணம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அன்புடன்.