துவைத்ததும் பஞ்சு ஒதுங்கினால்

நாலு வயது மகனுக்குத் தைத்த பஞ்சுப் போர்வையை ஒருமுறை துவைத்ததுமே பஞ்சு மூலையில் திரண்டுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், சரிசெய்துவிடலாம். ஓரத்தை மட்டும் தைத்து நடுவை அப்படியே விட்டதுதான் காரணம்.

ஒரு பக்கத்தைப் பிரித்து உதிரிப் பஞ்சை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக விரிப்பாகக் கிடைக்கும் பஞ்சை வைத்து, மூன்று அடுக்கும் நகராமல் ஊக்கு குத்துங்கள். அப்புறம் நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, 8 முதல் 10 செ.மீ. இடைவெளியில் தையல் ஓட்டுங்கள். ஓரப் பட்டியை இரட்டை மடிப்பாக வையுங்கள். பையன்கள் கூடாரம் கட்டி இழுக்கும்போது முதலில் கிழிவது அதுதான்.

போர்வையில் தைக்கும் லாரிப் படத்தின் சக்கரத்துக்குப் பொத்தான் வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பொத்தான் வேண்டவே வேண்டாம். பிய்ந்து வந்தால் வாயில் போட்டுக்கொள்வான். வட்டமாகத் துணி வெட்டி, நெருக்கமான ஜிக்ஜாக் தையல் போடுங்கள்.