பன்றிக்கு வயிற்றுப்புண்: சோடா உப்பு மட்டும் போதுமா?

ஆனேக்கல் பண்ணையில் 50 கிலோ பன்றிகள் வெளுத்து, தார் மாதிரி கறுப்பாகச் சாணி போடுவதாகவும், தீவனத்தில் சோடா உப்பு (சமையல் சோடா) கலக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கலக்கலாம், டன்னுக்கு 10 கிலோ. கூடவே கறியுப்பைக் குறையுங்கள், குடிதண்ணீர் தடைபடவே கூடாது. ஆனால் முதலில் தீவனம் அரைக்கும் மில்லைப் பாருங்கள் சார். மக்காச்சோளம் பவுடராக அரைபட்டால் இரைப்பையில் எல்லாம் கூழாகி, மேலே உணவுக்குழாய் வந்து சேரும் இடம்வரை அமிலம் ஏறும். அங்கே பாதுகாப்புச் சளி கிடையாது, அரித்துவிடும். பெரிய கண் சல்லடை மாட்டுங்கள். விரலால் தேய்த்தால் ரவை மாதிரி நெருடணும், சராசரி 700 மைக்ரான் (0.7 மி.மீ.). கோதுமைத் தவிடு சேர்க்கலாம், தினம் கொஞ்சம் வைக்கோலும் போடுங்கள். ஒரு வேளைத் தீவனம் தவறினாலும் புண் கிளம்பும், ஞாயிறு லீவெல்லாம் பன்றிக்குச் சொல்லாதீர்கள். வெளுத்ததைத் தனியே பிரித்து இன்றே டாக்டரிடம் காட்டுங்கள், சாணியில் சாட்டைப்புழு என்ற குடல்புழு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இனி ஒன்று செத்தால் இரைப்பையை அறுத்துப் பார்க்காமல் புதைக்காதீர்கள்.