மாதவிடாய் நிற்கும் வயது: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

பெண்கள் நலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். கூச்சத்தில் வருடக்கணக்கில் பொறுத்துக்கொண்டு, தாங்க முடியாத பிறகு வருகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன், அதனால் எதையும் தயங்காமல் கேளுங்கள். மருந்து விஷயத்தில் மட்டும் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் சொல்வதே முடிவு.

அக்கா, எனக்கு 46 வயது. ஒரு தடவை 20 நாளில் வருகிறது, அடுத்த தடவை 50 நாள் ஆகிறது. மெனோபாஸ் வந்துவிட்டதா? ஹார்மோன் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

இன்னும் இல்லை, அதற்கு முந்தைய கட்டமான பெரிமெனோபாஸில் இருக்கிறீர்கள். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மெனோபாஸ் என்று கணக்கு. ஹார்மோன் அளவு இந்த வாரம் ஏறி அடுத்த வாரம் இறங்கும், அதனால் 45 தாண்டியவர்களுக்கு அந்த டெஸ்ட் பெரும்பாலும் தேவைப்படாது. தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள், அந்தக் கோளாறுகளிலும் இதே களைப்பும் படபடப்பும் வரும். அப்புறம், கரு தரிக்கும் வாய்ப்பு இன்னும் இருக்கிறது. 50 வயதுக்கு முன் நின்றால் கடைசி மாதவிடாயிலிருந்து 2 வருடமும், 50-க்கு மேல் நின்றால் 1 வருடமும் கருத்தடையைத் தொடரச் சொல்வது வழக்கம்.

ராத்திரி திடீரென்று நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி முகம் வரை ஏறுகிறது. நைட்டி நனைந்துவிடுகிறது, பிறகு குளிர்கிறது. விடியும் வரை தூக்கமே இல்லை.

இதை ஹாட் ஃபிளாஷ் என்பார்கள். ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறையும்போது, உடம்பின் வெப்பத்தைக் கவனித்துக்கொள்ளும் மூளைப் பகுதி கொஞ்சம் சூட்டையும் அதிகமாக எடுத்துக்கொண்டு உடம்பைக் குளிர்விக்கக் கிளம்பிவிடுகிறது. தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வை கொட்டுகிறது, பிறகு அதே வியர்வையால் குளிர்கிறது. கனமான ஒரு போர்வைக்குப் பதில் மெல்லியதாக இரண்டு வைத்துக்கொண்டால் ஒன்றை மட்டும் உதறிவிடலாம். மாற்று நைட்டியும் ஒரு துண்டும் தலைமாட்டிலேயே இருக்கட்டும், அலமாரியைத் திறந்து விளக்கைப் போட்டுத் தேடினால் வந்த தூக்கமும் போய்விடும். மணி பார்க்காதீர்கள். மது, காரம், மதியத்துக்கு மேல் காபி, இதில் எது உங்களுக்குத் தூண்டுகிறது என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள், எல்லோருக்கும் ஒன்றே காரணமாக இருக்காது. ஆனால் இந்தத் தொந்தரவு பலருக்கு ஏழெட்டு வருடம்கூட நீடிக்கிறது, அதனால் "தானாகச் சரியாகும், பொறுத்துக்கோ" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஹார்மோன் மருந்து இருக்கிறது, ஹார்மோன் இல்லாத மருந்துகளும் இருக்கின்றன, சிபிடி என்கிற மனப் பயிற்சிச் சிகிச்சையும் பலருக்கு உதவுகிறது.

சின்ன விஷயத்துக்கும் கத்திவிடுகிறேன், பிறகு அழுகிறேன். எனக்கென்று அரை மணி நேரம் ஒதுக்கினால் சுயநலமாகத் தோன்றுகிறது.

இந்தக் கேள்வியை ஏழு பேர் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கெட்டவராக மாறிவிடவில்லை அம்மா. ஹார்மோன் ஏற்ற இறக்கம் மனநிலையை நேராகவே பாதிக்கும், கூடவே தூக்கமும் இல்லையென்றால் யாராக இருந்தாலும் எரிந்துதான் விழுவார்கள். பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு வந்தவர்களுக்கு இந்தக் கட்டத்தில் மறுபடி வரும் வாய்ப்பு கூடுதல், அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் சிகிச்சை தேவை. உயிரோடு இருக்கவே வேண்டாம் என்று தோன்றினால் அன்றைக்கே போக வேண்டும், தனியாக இருக்காதீர்கள்.

அந்த அரை மணி நேரத்துக்கு வருகிறேன். வீட்டில் "எனக்குக் கொஞ்சம் உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் நகராது. ஒரு வேலையை முழுசாகக் கைமாற்றுங்கள், ராத்திரி பாத்திரம் இனி உன் பொறுப்பு என்று, அவர்கள் கழுவிய விதம் பிடிக்காவிட்டாலும் திரும்ப எடுத்துக் கழுவாதீர்கள். கிடைக்கும் நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றும் இல்லை, வெறுமனே படுத்திருக்கலாம், பாட்டுக் கேட்கலாம், வருடங்களாக விட்டுப்போன தோழியைக் கூப்பிட்டுப் பேசலாம். குற்ற உணர்வு முதலில் வரத்தான் செய்யும், அது வருகிறது என்பதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே வார்த்தை மறந்துவிடுகிறது. டிமென்ஷியாவா?

இந்த வயதில் டிமென்ஷியா என்கிற மறதி நோய் மிக அபூர்வம். இப்படி வரும் மறதி பெரும்பாலும் நாளடைவில் குறைந்துவிடும். முதலில் தூக்கத்தைச் சரி செய்யுங்கள்.

ஹார்மோன் சிகிச்சை எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வருமாமே?

இந்தப் பயம் 2002-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63, பலருக்கு மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டரோன் வகை என்று இரண்டு ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்களிடம் 10,000 பேருக்கு வருடத்தில் சுமார் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. அபாயம் உண்டு, ஆனால் கேள்விப்பட்ட அளவுக்கு இல்லை. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று 10 வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பெரும்பாலும் நன்மையே அதிகம் என்பதுதான் இன்றைய நிலைப்பாடு. மார்பகப் புற்றுநோய், ரத்தம் உறைதல், பக்கவாதம் வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டரோனும் எடுக்க வேண்டும், தனி ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிக்கச் செய்யும்.

கேட்கவே வெட்கமாக இருக்கிறது. அந்த இடத்தில் வறட்சி, எரிச்சல், சேரும்போது வலி.

வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை. ஹாட் ஃபிளாஷ் காலப்போக்கில் குறையலாம், இது கவனிக்காமல் விட்டால் கூடத்தான் செய்யும். சோப்புப் போட்டுக் கழுவுவதை நிறுத்துங்கள். அதற்கென்றே உள்ள மாய்ஸ்சரைசரை வாரத்தில் சில நாள் தடவுங்கள், சேரும்போது லூப்ரிகன்ட் என்கிற வழுவழுப்பான ஜெல். போதவில்லையென்றால் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, அதிலிருந்து ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. அடிக்கடி சிறுநீர்த் தொற்று வருகிறவர்களுக்கும் இது உதவும். வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம், கணவரிடம் சொல்லிவிடுங்கள்.

தினமும் நடக்கிறேன், எலும்புக்கு அது போதாதா?

நடை நல்லது, விடாதீர்கள். ஆனால் மாதவிடாய் நின்ற முதல் சில வருடங்களில் எலும்பு வேகமாகத் தேயும், அதற்குத் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காருங்கள், சுலபமாகிவிட்டால் கையில் கொஞ்சம் எடை பிடித்துக்கொள்ளுங்கள். 50-க்கு மேல் சாப்பாட்டையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை.

நின்று இரண்டு வருடம் ஆகிவிட்டது. போன வாரம் லேசாகக் கறை பட்டது. மறுபடி வந்துவிட்டதா?

இல்லை. ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு சொட்டு பட்டாலும் பரிசோதனை செய்தாக வேண்டும். பெரும்பாலும் வறட்சி போன்ற சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுதான், ஆரம்பத்தில் பிடித்தால் பெரும்பாலும் குணமாகிவிடும். ஸ்கேன் எடுப்பார்கள், தேவைப்பட்டால் உள்சுவரிலிருந்து துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள். இந்த வாரமே போங்கள். எந்தத் தேதியில், எவ்வளவு பட்டது, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள், அங்கே போனதும் பதற்றத்தில் பாதி மறந்துபோகும்.