ஷவரில் குறையா, மாட்டியதில் குறையா?

வள்ளியூர்ப் பக்கத்து வாசகர் ஒருவர், தை மாதப் பால் காய்ப்புக்கு முன்பு திருநெல்வேலிக் கடை ஒன்றில், தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும் 4.5 கிலோவாட் மின்சார ஷவர் வாங்கி மாட்டியிருக்கிறார். தண்ணீர் நூலாக இறங்குகிறது. கொதிக்கக் கொதிக்க வந்துகொண்டிருக்கும்போதே பச்சைத் தண்ணீராகிவிடுகிறது. நிறுவனத்தின் டெக்னீஷியன் பலமுறை வந்தும் தீரவில்லை. தயாரிப்புக் குறை என்று வழக்குப் போட்டு, விலையோடு 2 லட்சம் ரூபாய் இழப்பீடும் கேட்கலாமா என்பது அவருடைய கேள்வி.

சம்பந்தி வீட்டார் முன்னால் பட்ட அவமானத்தையும், கடைக்காரர் போனை எடுக்காததையும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை ஒதுக்கிவைக்கிறேன், மன உளைச்சலுக்கென்று கிடைக்கக்கூடிய தொகை, நுகர்வோர் ஆணையத்தின் வாய்தா ஒவ்வொன்றுக்கும் பாளையங்கோட்டைக்கு வந்துபோகும் செலவுக்கே காணாது. வழக்கில் நிற்கக்கூடியது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரே வரிதான்: கடை அனுப்பிய ஆள் மொட்டை மாடிக்கு ஏறித் தொட்டியைப் பார்த்துவிட்டு, “இதுவே போதும்” என்று சொல்லித்தான் மாட்டினார்.

நீங்கள் அனுப்பிய கையேட்டுப் படத்தில் குறைந்தபட்ச நீர் அழுத்தம் 0.5 பார் என்று அச்சிட்டிருக்கிறது. அதற்குத் தொட்டித் தண்ணீர் ஷவருக்கு மேல் ஏறக்குறைய 17 அடி உயரத்தில் நிற்க வேண்டும். உங்கள் தொட்டியோ 6 அடி உயரத்தில்தான் இருக்கிறது. 4.5 கிலோவாட் கருவி, நிமிடத்துக்கு 5 லிட்டர் ஓடினால் தண்ணீரின் சூட்டை 13 டிகிரி கூட்டும். ஒன்றரை லிட்டர்தான் ஓடுகிறது என்றால் 43 டிகிரி கூட்டிவிடும். உடனே உள்ளே இருக்கும் வெப்பத் தடுப்பு மின்சாரத்தைத் துண்டிக்கிறது, தண்ணீர் குளிர்கிறது, மறுபடி இணைகிறது. ஆகவே நீங்கள் குறை என்று நினைப்பது, கருவி சரியாக வேலை செய்வதற்கான அடையாளமாகவே இருக்கலாம். தொட்டியைப் பார்த்த பிறகும் கையேட்டுக்கு மாறாக மாட்டிக்கொடுத்தது பொருளின் குறை அன்று, சேவைக் குறைபாடு. அதற்கு முதல் எதிர்தரப்பு கடைக்காரர், நிறுவனம் அவருக்குப் பின்னால்தான்.

இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் கெட்டுப்போன கட்சிக்காரர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். தயாரிப்புக் குறை என்று மனுவில் எழுதிவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி, ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். ஆய்வகத்தில் போதிய அழுத்தத்தில் தண்ணீர் விட்டுப் பார்ப்பார்கள், ஷவர் நன்றாகவே ஓடும், அந்த அறிக்கை உங்கள் வழக்கை முடித்துவிடும். அதன் பிறகு “மாட்டியதுதான் தவறு” என்று வாதத்தை மாற்றினால், முதலில் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

இன்னொரு பள்ளம், நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் பிரஷர் பம்பு. பம்பு வைத்ததும் தண்ணீர் சீராக வந்துவிட்டால், பொருளில் குறையில்லை என்பதை நீங்களே நிரூபித்தவராவீர்கள், முன்பு அழுத்தம் போதாமல் இருந்ததற்கும் அடையாளம் இல்லாமல் போகும். உள்ளூர்ப் பிளம்பரைக் கூப்பிட்டு, உப்பு அடைத்திருக்கிறது என்று ஷவர் தலையைக் கழற்றி ஆசிட்டில் ஊறப்போடுவதும் அப்படித்தான். போர்த் தண்ணீர் ஓடும் உங்கள் பக்கத்தில் அது நியாயமான சந்தேகமே என்றாலும், பிறர் கைபட்ட கருவி என்று எதிர்தரப்பு ஒரே வரியில் தட்டிவிடும். பம்போ பிளம்பரோ வருவதற்கு முன்னால், தொட்டியின் உயரத்தை டேப் வைத்து அளப்பதையும், ஷவரிலிருந்து ஒரு நிமிடத்தில் வாளியில் விழும் தண்ணீரையும் தேதி தெரியும்படி வீடியோ எடுத்துவையுங்கள். கடை ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். அவர் கையில் கொடுத்த 500 ரூபாய்க்கு ரசீது இல்லாத நிலையில், மாட்டியது கடையின் ஆள்தான் என்பதற்கு அவை மட்டுமே சாட்சி.

எனக்குக் கவலை தருவது, டெக்னீஷியன் கடைசியாக எழுதிய ஜாப் ஷீட், அதாவது வேலை அறிக்கை. “நீர் அழுத்தம் குறைவு, கருவியில் குறை இல்லை, வாடிக்கையாளர் திருப்தி” என்று எழுதியிருக்கும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். முதல் பாதி, மாட்டியதில்தான் தவறு என்பதற்குத் துணைநிற்பதால், உங்களுக்குச் சாதகமானது. “திருப்தி” என்பதை மறுத்து இந்த வாரமே கடைக்கும் நிறுவனத்துக்கும் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸும் பதிலுமாக நாள் கடத்துவதால் 2 ஆண்டுக் காலவரம்பு நீளாது. மாட்டிய நாளிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பு.

வெளிப்படையாகச் சொல்வதென்றால், இந்தத் தொகைக்கு வழக்கு வேண்டாம். ஷவரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, குறைந்த அழுத்தத்திலும் ஓடக்கூடிய 15 லிட்டர் தொட்டிக் கீசரை, மாட்டுக்கூலி இல்லாமல் தரும்படி கடைக்காரரைக் கேளுங்கள். விலை வித்தியாசத்தை நீங்கள் கொடுக்க நேர்ந்தாலும் நஷ்டமில்லை. ஒப்புக்கொண்டதை பில் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிய பிறகே ஷவரைச் சுவரிலிருந்து கழற்ற விடுங்கள்.